ஒத்தக் குரல்

உலகுன்னு கூப்பிட்டுச்சு. ஒரே ஒரு தடவை. ஃபேன் ஓடிக்கிட்டு இருந்தா கேட்டே இருக்காது, மத்தியானம் கரண்டு போயி வீடு கம்முன்னு கிடக்கப் போயித்தான் கேட்டுச்சு, இல்ல, கேட்ட மாதிரி இருந்துச்சு. நான் சோபாவுல காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்து செல்லுல பேய்க்கதை படிச்சுக்கிட்டு இருக்கேன். உள் ரூம்புல இவுக படுத்திருக்காக. கதவு பாதி சாத்தியிருக்கு, வெளிச்சம் கண்ணுல அடிக்குதுன்னு இவுகதான் சாத்தச் சொன்னாக. நெஞ்சுல அடைப்புன்னு ஆஸ்பத்திரியில கிடந்து, ஸ்டென்ட் வச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகலை. அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு, சாரை ஒத்தையில விடாதீங்கம்மா, கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கணும், மறுபடி வலின்னு சொன்னா நின்னு யோசிக்காதீங்கன்னு. நானும் தலையத் தலைய ஆட்டிட்டு வந்தேன். இப்ப உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சு நாலு எட்டு வச்சா ரூம்பு. காலு தரையில ஊன மாட்டேங்குது. ஏன்னா இவுக என்னை உலகுன்னு கூப்பிட்டதே கிடையாது.

கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஏளாதான். ஏளா காப்பி கொண்டா, ஏளா என் கண்ணாடி எங்க, ஏளா உன் மகளைக் கொஞ்சம் கண்டிச்சு வை. எம்பேரு உலகம்மாள்ங்கிறதே இவுகளுக்கு ரேஷன் கார்டைப் பாத்தாத்தான் ஞாபகம் வரும்னு நான் கேலி பண்ணுவேன். உலகுன்னு கூப்பிட்டது எங்க அப்பா ஒருத்தருதான். அப்பா போன பொறவு அந்தப் பேரும் போச்சு, கொழுந்தனுக்கு நான் மதினி, தெருவுக்கு ரஞ்சி அம்மா, ரஞ்சிக்கு வெறும் மா. சரி, அப்பா குரலா அது? அப்பா குரலு கரகரன்னு இருக்கும், பீடி குடிச்ச குரலு. இது மெலிசா, கதவுக்கு அந்தப் பக்கம் துணியை இழுத்த மாதிரி. ஆம்பளைக் குரலா பொம்பளைக் குரலான்னுகூடச் சொல்ல முடியல. இவுக குரலு இப்படிக் கிடையாது. கவர்மெண்டு பஸ்ஸு ஓட்டுன மனுஷன், செங்கோட்டை ரூட்டுல ஹாரன் வேலை செய்யலைன்னா தலையை வெளிய நீட்டி ஒரு சத்தம் போட்டா மாடு விலகும். டூட்டி முடிஞ்சு வந்தா தெரு முக்குல நின்னே ஏளா ஏளா ஏளான்னு மூணையும் ஒரே மூச்சுல கூப்பிடுவாக, நான் கதவுக் கொண்டியை எடுத்துட்டு நிப்பேன். மூணு தடவை. அதுதான் இங்க உறைக்குது. எங்க பக்கத்துல எல்லாரும் மூணு தடவைதான் கூப்பிடுவாக. பால்காரன், கேஸ் போடுத தம்பி, மீட்டர் பாக்க வாரவரு, யாரா இருந்தாலும் வாசல்ல நின்னு ரஞ்சி அம்மா, ரஞ்சி அம்மா, ரஞ்சி அம்மா. உச்சி வேளையில ஒத்தக் குரல் கேட்டா ஏன்னு கேக்கப்படாது. உசிரு இல்லாததுக்கு ஒரு தடவைதான் கூப்பிட வரும், நாம ஆன்னு வாயைத் திறந்தா அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ள ஏறிரும். எங்க அம்மா எனக்குச் சடை பின்னும்போதே சொல்லிக் குடுத்தது. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சவ, இதையெல்லாம் நம்புத ஆளு இல்ல. நம்பலைதான், ஆனா ஒரு நாளாவது மொதக் குரலுக்குப் பதில் சொல்லியிருக்கேனான்னா, இல்ல. அதுக்குத் தேவையே வந்ததில்ல, ரெண்டாவதும் மூணாவதும் தானா வந்துரும். இப்பவும் அது ரெண்டுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.

வரல. சுவர்க் கடிகாரம் மட்டும் டிக்கு டிக்குங்குது. எல்லாம் இந்தக் கதை படுத்துத பாடாத்தான் இருக்கும். யாரு வேணா எழுதலாம், யாரு வேணா படிக்கலாம்னு செல்லுல ஒரு ஆப்பு இருக்குல்லா, அதுல கருவேலன்னு ஒருத்தர் எழுதுதாரு. அது புனைபேருதான், ஆளு என்ன வேலை பாக்காரு, எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது. எந்தப் பத்திரிகையும் அவரைப் போட்டதில்ல, அவரே கைக்காசைப் போட்டு ஒரு புஸ்தகம் அச்சடிச்சாரு, கூரியர்ல வரவழைச்சேன், அட்டையில ரத்தக் கை, உள்ள ஒரு பக்கம் தலைகீழா இருந்துச்சு. ஆனா எழுத்து ஒரு எழுத்து. பேயைக் காட்டவே மாட்டாரு. கொடியில காயுத சேலை காத்தில்லாம ஆடுச்சும்பாரு, அதோட விட்டுட்டுச் சோறு வடிக்கதைப் பத்தி எழுதுவாரு, நமக்குச் சோத்துல கை வைக்கப் பயமா இருக்கும். ஆஸ்பத்திரி வராண்டாவுலதான் இந்தப் பழக்கம் வந்துச்சு. ஐ.சி.யூ. வாசல்ல இரும்பு நாற்காலியில பக்கத்துல ஒரு கடையநல்லூர்க்காரி உட்கார்ந்திருந்தா, நூருன்னு பேரு, அவ மாமியார் உள்ள கிடந்தாக. நான் அழுததைப் பாத்துட்டு, இதைப் படிங்கக்கா, பொழுது போகும்னு செல்லை நீட்டுனா. பேய்க்கதையா, இந்த நேரத்துலயான்னு கேட்டேன். படிச்சுப் பாருங்க, நம்ம பயத்தைக் கொஞ்ச நேரம் அது தூக்கிக்கிடும்னா. உண்மைதான். அந்தப் பயத்துக்கு ஒரு முடிவு இருக்கு. தொடரும்னு போட்டுட்டா அந்த வாரத்துக்கு நின்னுரும், செல்லைக் கவுத்து வச்சுட்டு மூச்சு விடலாம். எனக்கு உள்ளுக்குள்ள ஓடுதது அப்படியா நிக்கு? ரஞ்சிக்கு இது பிடிக்கல. ஓசூர்ல இருந்து ஃபோன் போட்டு, அப்பா இப்படிக் கிடக்கும்போது பேயி பிசாசுன்னு படிக்கியே, சாமி புஸ்தகம் படியேன்மான்னு சத்தம் போட்டா. படிச்சேன். வரிக்கு வரி காப்பாத்து காப்பாத்துன்னு நானே கெஞ்சிக்கிட்டு இருந்தேன், புஸ்தகம் மடியில கிடந்துச்சு. பேய்க்கிட்ட எதையும் கேக்க வேண்டாம்.

இப்ப ஓடுத தொடர்ல செல்வராணின்னு ஒரு டீச்சரு. எஸ்டேட்டுக் குவார்ட்டர்ஸுல ஒத்தையில இருக்கா. மத்தியானம் அடைச்சுக் கிடக்க ரூம்புல இருந்து அவ பேரைச் சொல்லி ஒரு குரல். போன வாரம் அதோட நிறுத்திட்டாரு. கீழ கருத்துல அம்புட்டுப் பேரும் கூடி நின்னு கத்துதாக, அக்கா போகாதே, திரும்பிப் பாத்தா செத்தே, கதவைத் தொடாதேன்னு. நானும் போட்டேன். அங்க எம்பேரு நெல்லை மல்லிகா, உலகம்மாள்னு போட்டா பேய்க்கதைக்காரனே பயந்துருவான்லா. எங்க ஊர்ல மூணு தடவை கூப்பிட்டாத்தான் பதில் சொல்லுவோம், செல்வராணியும் அப்படியே செய்யட்டும்னு எழுதுனேன். ரெண்டு கும்பிடு போட்டு, நன்றி சகோதரி, அடுத்த அத்தியாயத்தில் சேர்த்துக்கொள்கிறேன்னு பதில் போட்டிருந்தாரு. பத்திரிகையில எழுதுதவுக இப்படிக் காதுகுடுத்துக் கேப்பாகளா? அன்னைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியல. இவுககிட்டயும் காட்டுனேன், பேய்க்கு ரூலு போடுத அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியோன்னு சிரிச்சாக, சிரிச்சா நெஞ்சு இழுக்குன்னு உடனே நிறுத்திட்டாக. இன்னைக்கு அந்த அத்தியாயம் வந்துச்சு. சொன்ன மாதிரியே செஞ்சுட்டாரு, செல்வராணி நாற்காலியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாவது குரலுக்குக் காத்திருக்கா. அந்த வரியைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன், அப்பத்தான் உலகுன்னு கேட்டுச்சு. அப்பம் இது கதையில இருந்து வந்ததுதான். வேற என்ன? செல்வராணியைக் கூப்பிட்டது என் காதுக்கு என்னைக் கூப்பிட்ட மாதிரி விழுந்திருக்கு. பைத்தியக்காரி, படிச்சதும் போதும், எந்திரிச்சுப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வா. அப்படித்தான் மனசு சொல்லுது. நான் இருந்த இடத்துலயே இருக்கேன்.

குறட்டை வரலையே. முன்னெல்லாம் இவுக தூங்குனா கீழ்வீட்டு டெய்சி டீச்சருக்கே கேக்கும். ஸ்டென்ட் வச்ச பொறவு குறட்டை இல்ல, அது நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு, எனக்கு அந்தச் சத்தம் இல்லாமத் தூக்கமே வரமாட்டேங்குது. மூக்குக்குக் கீழ விரலை வச்சு வச்சுப் பாப்பேன். ஒருக்கா முழிச்சுப் பாத்துட்டு, என்னளா, இருக்கனா போயிட்டனான்னு செக் பண்ணுதியான்னு கேட்டாக. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாக, எனக்குச் சுருக்குன்னுச்சு, பொறவு விரல் வைக்கிறதை விட்டுட்டேன். ரஞ்சி ஒரு பெல்லு வாங்கி அனுப்பிச்சா, அமுக்குனா ஹால்ல டிங்குன்னு சத்தம் வரும். நான் என்ன கோயில் மாடா மணியைக் கட்டிக்கிட்டுக் கிடக்கதுக்குன்னு இவுக அதைப் பீரோ மேல தூக்கிப் போட்டுட்டாக. வேணும்னா கூப்பிடுதேன், உனக்குக் காது இல்லியாங்காக. இருக்கு. கேட்டுச்சு. கேட்டுச்சா? இந்தா, இப்ப ஒரு சத்தம். சரக்குன்னு. பாயை இழுத்த மாதிரி, இல்ல, சுவத்துல எதோ உரசுன மாதிரி. பூனையா இருக்கும், பின்பக்கச் சன்னல் வழியா ஒரு வெள்ளைப் பூனை வரும். கருவேலனா இருந்தா இந்த இடத்துல பூனையைத்தான் எழுதுவாரு, எழுதிட்டு அது போன வருசமே செத்துப்போன பூனைம்பாரு. சீ. வாயைத் திறந்து என்னங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சு போச்சு. ஆனா அதுவும் பதில்தான. பதில் சொல்லாமக் கேக்கதுக்கு வழி இருக்கா? செருமிப் பாத்தேன். கையைத் தட்டிப் பாத்தேன், கிறுக்கச்சி மாதிரி, யாரும் இல்லாத ஹால்ல ஒத்தையில உட்கார்ந்து. ஒண்ணும் இல்ல. செல்லு வெளிச்சம் மங்குது, அணைஞ்சுரக் கூடாதுன்னு விரலை வச்சுத் தேய்க்கேன், அடுத்த வரி கண்ணுல படுது, இரண்டாவது குரல் வரவில்லைன்னு இருக்கு. மேல படிக்கேன். இவுக உள்ள கிடக்காக, நான் செல்வராணிக்கு என்ன ஆச்சுன்னு பாக்கேன்.

நெசத்தைச் சொல்லணும்னா எனக்குப் பேய்க்குப் பயம் இல்ல. பேய் வந்து அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு நின்னா, வாங்க உட்காருங்கன்னு சொல்லிருவேன். எனக்கு அந்தக் கட்டில்தான் பயம். கதவைத் தள்ளுதேன், கட்டில் தெரியுது, இவுக படுத்திருக்காக, வாய் லேசாத் திறந்திருக்கு, ஏங்கன்னு தொடுதேன், சில்லுன்னு இருக்கு. நாள் முழுக்க இதுதான் ஓடுது எனக்குள்ள. சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, பல்லு தேய்க்கும்போது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே குலை நடுங்குது. அந்த வராண்டாவுல அப்படித்தான். கதவு கொஞ்சமாத் திறக்கும், பச்சை உடுப்புல ஒருத்தன் தலையை நீட்டி ஒரு பேரைச் சொல்லுவான், ஒரே ஒரு தடவை, அந்தப் பேருக்கு உண்டான ஆளு எந்திரிச்சு உள்ள போகும், போன கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து அலறல் வரும். நூரோட பேரும் அப்படித்தான் வந்துச்சு. அவ எந்திரிச்சுப் போயிட்டா, செல்லு நாற்காலியிலேயே கிடந்துச்சு, பாதிக் கதை அதுல திறந்திருந்துச்சு. நான் இங்க உட்கார்ந்திருக்க மட்டும் இவுக நல்லா இருக்காக. தூங்குதாக. எந்திரிச்சு முழிச்சு, ஏளா ரசம் வச்சியான்னு கேக்கப் போறாக. கதவைத் திறந்தா அது மாறிப் போயிருமோன்னு இருக்கு. ஆண்டவா, எனக்கு ஏன் இப்படிப் புத்தி போகுது. இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுங்களேன். தெரு முக்குல இருந்து கூப்பிடுவீகளே, அந்த மாதிரி, ஒரே மூச்சுல.

ஒரே மூச்சுல. மூணு தடவை கூப்பிடணும்னா மூச்சு வேணும்லா. காலையில பல்லு தேய்க்கப் போன மனுஷன் பாதியில வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல உட்கார்ந்தாக. சட்டைப் பொத்தான் ரெண்டு போட்டுட்டு மூணாவதுக்கு என்னைப் பாத்தாக. அந்த மூச்சை வச்சுக்கிட்டு மூணு தடவை எங்க கூப்பிட? ஒரு வார்த்தைக்குத்தான் தெம்பு இருக்குன்னா மனுஷன் என்ன சொல்லுவான், ஏளாம்பானா? பேரைத்தான் சொல்லுவான். பேரைச் சொன்னாத்தான் நாம வருவோம்னு நினைப்பான். அடிப்பாவி, கூப்பிட்டது இவுகதான். செல்லு எங்க விழுந்துச்சுன்னு பாக்கல. வந்துட்டேன், வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்னு கத்திக்கிட்டே ஓடுதேன், யாருக்குப் பதில் சொல்லுதேன்னெல்லாம் நினைக்கல, கதவுல தோள் இடிச்சுச்சு.

கட்டில்ல இல்ல. கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல தரையில கிடக்காக, முதுகு கட்டில் காலுல சாஞ்சிருக்கு, பனியன் தொப்பலா நனைஞ்சிருக்கு. ஒரு கை போர்வையைக் கொத்தாப் பிடிச்சிருக்கு. கண்ணு திறந்திருக்கு, கதவையே பாத்துக்கிட்டு இருக்காக. உசிரு இருக்கு. என்னைப் பாத்ததும் வாய் அசைஞ்சுச்சு, சத்தம் வரல. எம்புட்டு நேரமா இந்தக் கதவைப் பாத்துக்கிட்டு இருந்தாகளோ, நாலு எட்டுத் தள்ளி நான் கையைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அழ நேரம் இல்ல. நாக்குக்கு அடியில வைக்க மாத்திரையை அலமாரியில இருந்து எடுத்தேன், அட்டையைப் பல்லால கிழிச்சேன், வாயைத் திறந்து வச்சேன். ஹாலுக்கு ஓடி செல்லைத் தேடிப் பிடிச்சேன், செல்வராணி இன்னும் அதுல உட்கார்ந்திருக்கா, அவளை அமுக்கித் தள்ளிட்டு நூத்தியெட்டுக்குப் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. தெரு சொன்னேன், மாடி வீடுன்னு சொன்னேன், ஸ்டென்ட் வச்சிருக்குன்னு சொன்னேன். பேஷண்ட் பேர் என்னம்மான்னு கேட்டுச்சு. ரஞ்சி அப்பான்னேன். பேரு சொல்லுங்கம்மான்னு மறுபடியும் கேட்டுச்சு. ஆஸ்பத்திரியில யாராவது கேட்டா ஆதார் கார்டை எடுத்து நீட்டிருவேன், புருஷன் பேரைச் சொல்லப்படாதுன்னு இந்தக் காலத்துல யாரு பாக்கா, எனக்கு நாக்கு புரண்டதில்ல, அம்புட்டுதான். ஆவுடையப்பன்னு சொன்னேன். எனக்கே புது ஆளு பேரு மாதிரி கேட்டுச்சு. வண்டி கிளம்பிருச்சும்மா, அவரை மயங்க விடாதீங்க, கூப்பிட்டுக்கிட்டே இருங்கன்னு சொல்லி அந்தப் பொண்ணு வச்சிருச்சு.

சன்னல் வழியா டெய்சி டீச்சருக்குச் சத்தம் குடுத்தேன், டீச்சர் கேட்டைத் திறந்து வைங்க, இவுகளுக்கு முடியலன்னு. கீழ செருப்புச் சத்தம் ஓடுது. தரையில உட்கார்ந்து தலையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். கண்ணு செருகுது. என்னங்கன்னேன். அசையல. என்னங்க, இந்தாங்க, என்னைப் பாருங்க. ஒண்ணும் இல்ல, கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேட்ட சத்தம், கொசுவை விரட்டுத மாதிரி காதுக்குப் பழகிப் போயிருக்கும். கையைத் தேய்க்கேன், ஈரமா வழுக்குது. நான் சாமியைக் கூப்பிடல, யாரையும் கூப்பிடல, ஆவுடையப்பான்னு கூப்பிட்டேன். மரியாதையாவது ஒண்ணாவது. ஆவுடையப்பா, ஆவுடையப்பா, ஏ ஆவுடையப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், எத்தனை தடவைன்னு எண்ணல, தொண்டை கிழியுத மட்டும் கூப்பிட்டேன். தெரு முக்குல வண்டிச் சத்தம் கேக்க ஆரம்பிச்சிருச்சு. நெத்தி லேசாச் சுருங்குச்சு. கண்ணைத் திறக்காமலே, யாரோ அசலூர்க்காரிகிட்டக் கேக்க மாதிரி, கேட்டாக.

"யாரு கூப்பிடுதா?"

"நான்தாங்க," சொன்னேன். "உலகு."